எல்கேஜியில் இருக்கும் ‘கேஜி’ யாருடையது?

நீங்கள் கேட்டது இது: மகளுக்கு மூன்று வயதாகப் போகிறது. போய்ப் பார்த்த பள்ளிகளில் பாதி ‘மாண்டிசோரி’ என்று போர்டு வைத்திருக்கின்றன, மீதி ‘குழந்தை மையக் கல்வி’, ‘விளையாட்டு வழிக் கல்வி’ என்கின்றன. இதெல்லாம் ஒன்றுதானா, எங்கிருந்து வந்தது, இப்படி விளையாடிக்கொண்டே இருந்தால் படிப்பு வருமா?

எல்லாம் ஒரே குடும்பம்தான், ஆனால் ஒரே ஆள் கிடையாது. அண்ணன் தம்பிக்குள் சண்டையும் உண்டு. ஆசிரியர் பயிற்சியில் இருபது வருடத்துக்கு மேல் இருந்தவன் என்ற முறையில் தெரிந்ததைச் சொல்கிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும். கடைசிக் கேள்விதான் அவசரம் என்றால் நேராகக் கீழே இறங்கிவிடுங்கள்.

முதலிலேயே என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கல்வியில் பெயர் வாங்கியவர்கள் பெரும்பாலும் முதலில் செய்தது, குழந்தையின் பக்கத்தில் உட்கார்ந்து அது என்ன செய்கிறது என்று பார்த்ததுதான். பார்த்ததை வைத்து ஒரு பொருளையோ முறையையோ உருவாக்கினார்கள். அது பரவியபோது பொருள் மட்டும் ஊர் ஊராகப் போனது. உட்கார்ந்து பார்க்கும் பழக்கம் கூடப் போகவில்லை. இருநூறு வருடமாக இதே கதை திரும்பத் திரும்ப நடந்திருக்கிறது.

வழக்கமாகத் தத்துவஞானி ரூசோவிலிருந்து ஆரம்பிப்பார்கள். 1762ல் வந்த ‘எமீல்’ நூலில், குழந்தையைச் சின்ன உருவப் பெரியவராக நினைக்காதீர்கள், பார்ப்பதற்கும் யோசிப்பதற்கும் அதற்கென்று ஒரு வழி இருக்கிறது என்று எழுதினார். பாரிஸிலும் ஜெனீவாவிலும் அந்தப் புத்தகத்தைக் கொளுத்தினார்கள். அதற்கு முக்கியக் காரணம் நூலில் மதத்தைப் பற்றி வரும் பகுதி. இதே ரூசோ தன் ஐந்து குழந்தைகளையும் அநாதை இல்லத்தில் விட்டவர். இதைச் சொன்னால் வகுப்பில் யாராவது ஒருவர் “அப்புறம் அவர் பேச்சை எதுக்கு சார் கேட்கணும்?” என்பார். நியாயமான கேள்விதான். ரூசோ குழந்தையைத் தாளில் பார்த்தவர். தரையில் உட்கார்ந்து பார்த்தவர் பெஸ்டலோசி.

பெஸ்டலோசி சூரிச்காரர். 1798ல் பிரெஞ்சுப் படை சுவிட்சர்லாந்தின் ஸ்டான்ஸ் பகுதியில் எழுந்த கிளர்ச்சியை நசுக்கியபோது ஏராளமான குழந்தைகள் பெற்றோரை இழந்தார்கள். அவர்களில் ஏறக்குறைய 80 பேரை ஒரு கன்னிமாடத்தின் கட்டடத்தில் வைத்து, உதவிக்கு ஒரு வேலைக்காரப் பெண்மணியுடன், அரை வருடம் பார்த்துக்கொண்டார். சொறியும் பசியுமாக வந்த குழந்தைகள். அவர்களோடு சாப்பிட்டு, அவர்களோடு தூங்கி, இடையில் கற்றுக்கொடுத்தார். 1799 கோடையில் கட்டடம் ராணுவ மருத்துவமனைக்குத் தேவைப்பட்டதால் எல்லாம் முடிந்துபோனது. ஆனால் முதலில் பொருளைத் தொட்டுப் பார்க்கட்டும், சொல் பிறகு வரட்டும் என்ற அவர் கொள்கை அங்கேதான் உறுதிப்பட்டது. பிறகு இவெர்டோன் என்ற ஊரில் 1805 முதல் 1825 வரை அவர் நடத்திய பள்ளியைப் பார்க்க ஐரோப்பாவே வந்தது. பார்த்துவிட்டுப் போனவர்கள் என்ன செய்தார்கள்? இங்கிலாந்தில் அது ‘பொருள் பாடம்’ ஆயிற்று. ஆசிரியர் ஒரு கண்ணாடித் துண்டைத் தூக்கிக் காட்டுவார், பிள்ளைகள் “ஒளி ஊடுருவும், உடையும், வழவழப்பாக இருக்கும்” என்று சேர்ந்து ஒப்பிப்பார்கள். பொருள் வந்துவிட்டது, தொடுவது போய்விட்டது.

இனி உங்கள் எல்கேஜிக்கு வருவோம். அதிலுள்ள ‘கேஜி’ கிண்டர்கார்டன், ஃப்ரீட்ரிக் ஃப்ரோபெல் வைத்த பெயர். ஜெர்மனியின் துரிங்கியாவில் 1782ல் ஒரு பாதிரியார் வீட்டில் பிறந்தவர். ஒன்பது மாதக் குழந்தையாக இருக்கும்போதே தாய் இறந்துவிட்டார். வளர்ந்து வனத் தொழிலுக்குப் பழகினார், இவெர்டோன் போய் 1808 முதல் இரண்டு வருடம் பெஸ்டலோசியிடம் இருந்தார், பிறகு பெர்லினில் படிகங்களைப் படித்தார். காடும் படிகமும் அவர் மண்டையில் கடைசிவரை இருந்தன. செடி உள்ளிருந்து வளர்கிறது, படிகம் தனக்குள்ளிருக்கும் ஒழுங்கின்படி உருவாகிறது, குழந்தையும் அப்படித்தான் என்று நம்பினார். இதில் கொஞ்சம் மறைஞானம் உண்டு. அவர் எழுதியதைப் படித்தால் பாதி உபநிஷத்துபோல இருக்கும்.

1837ல் பாட் பிளாங்கன்பூர்க் என்ற சிற்றூரில் சின்னக் குழந்தைகளுக்காக ஒரு நிலையம் தொடங்கினார். அதற்குப் பெயர்தான் கிடைக்கவில்லை. 1840ல் மலைப்பாதையில் நடந்துகொண்டிருந்தபோது சட்டென்று ‘கிண்டர்கார்டன்’ என்ற சொல் தோன்றியதாகச் சொல்வார்கள். குழந்தைகளின் தோட்டம். உவமையோடு நிற்காமல் உண்மையிலேயே தோட்டம் போட்டார், ஒவ்வொரு குழந்தைக்கும் தனியாக ஒரு பாத்தி.

அவர் உருவாக்கிய விளையாட்டுப் பொருள்களுக்குக் ‘கொடைகள்’ என்று பெயர். முதல் கொடை, கம்பளி நூல் சுற்றிய ஆறு நிறப் பந்துகள். இரண்டாவது, மரத்தில் செய்த கோளம், உருளை, கனசதுரம். மூன்றாவது, எட்டுச் சின்னக் கட்டைகளாகப் பிரியும் ஒரு கனசதுரம். அதைப் பிரித்தால் நாற்காலி, படிக்கட்டு, கோபுரம் எதுவும் செய்யலாம், மறுபடி சேர்த்தால் முழுசாகிவிடும். கூடவே காகிதம் மடிப்பது, பாய் போலக் காகிதம் பின்னுவது, மணி கோர்ப்பது, களிமண் பிசைவது. இன்றைக்கு நர்சரிகளில் ‘கிராஃப்ட்’ என்று நடப்பதில் பெரும்பகுதி இதன் வாரிசுதான். அமெரிக்கக் கட்டடக் கலைஞர் ஃபிராங்க் லாய்டு ரைட் சிறுவயதில் இந்தக் கட்டைகளோடு விளையாடியவர். 1876ல் ஃபிலடெல்ஃபியா கண்காட்சியில் இவற்றைப் பார்த்த அவர் அம்மா வாங்கிக்கொடுத்தார். தன் விரல்களில் அந்தக் கட்டைகளின் நினைவு கடைசிவரை இருந்ததாக ரைட் சொல்லியிருக்கிறார்.

1851ல் பிரஷ்ய அரசு கிண்டர்கார்டனைத் தடை செய்தது. மூன்று வயதுப் பிள்ளைகள் பந்து உருட்டுவதில் அரசாங்கத்துக்கு என்ன பயம்? 1848 புரட்சி அடங்கி மூன்று வருடம்தான் ஆகியிருந்தது, நாத்திகமும் சமதர்மமும் பரவுகின்றன என்ற சந்தேகம் எங்கும். ஃப்ரோபெலின் அண்ணன் மகன் கார்ல் எழுதிய ஒரு வெளியீட்டை இவருடையதோடு சேர்த்துக் குழப்பிக்கொண்டார்கள். அது என்னுடையது அல்ல என்று கிழவர் எவ்வளவோ எழுதிப் பார்த்தார், பலிக்கவில்லை. அடுத்த வருடமே இறந்துபோனார். தடை 1860ல்தான் நீங்கியது. அவர் கல்லறைமேல் கனசதுரம், உருளை, கோளம் மூன்றையும் அடுக்கி வைத்திருக்கிறார்கள்.

வேலை நிற்கவில்லை. ஆசிரியர் வேலை என்றாலே ஆண்கள் என்றிருந்த காலத்தில் அவர் பெண்களைப் பயிற்றுவித்திருந்தார். அந்தப் பெண்கள்தான் இதை உலகம் முழுக்கக் கொண்டுபோனார்கள். மார்கரெத்தே ஷுர்ஸ் என்ற ஜெர்மானியப் பெண் 1856ல் அமெரிக்காவின் வாட்டர்டவுனில் தன் வீட்டிலேயே ஒன்றைத் தொடங்கினார், அமெரிக்காவின் முதல் கிண்டர்கார்டன் அது. அப்புறம் கம்பெனிகள் வந்தன. கொடைகளைப் பெட்டி போட்டு விற்றார்கள். ஆசிரியைகள் ‘கட்டையை வலக்கையில் எடு, இப்போது இடப்பக்கம் வை’ என்று வரிசையாகக் கட்டளையிட ஆரம்பித்தார்கள். அமெரிக்கக் கல்வியாளர் ஜான் டூயி போன்றவர்கள் 1900ஐ ஒட்டி இதைக் கடுமையாக விமர்சித்தார்கள். விடுதலைக்காக உண்டாக்கிய கட்டை, ராணுவ அணிவகுப்புக்கு வந்து சேர்ந்திருந்தது.

இப்போது மாண்டிசோரி. போர்டுகளில் நீங்கள் அதிகம் பார்த்த பெயர்.

மரியா மாண்டிசோரி 1870ல் இத்தாலியில் பிறந்தவர், 1896ல் ரோமில் மருத்துவப் பட்டம் பெற்றவர். முதலில் வேலை பார்த்தது மனவளர்ச்சி குன்றிய குழந்தைகளோடு. இட்டார், செகன் என்ற இரண்டு பிரெஞ்சு மருத்துவர்கள் அத்தகைய குழந்தைகளுக்காக உருவாக்கிய பயிற்சிகளையும் பொருள்களையும் தேடிப் படித்து, தானும் செய்து பார்த்தார். அந்தப் பிள்ளைகளில் சிலர் சாதாரணப் பள்ளித் தேர்விலேயே தேறிவிட்டார்கள். எல்லோரும் பாராட்டினார்கள், அவருக்கோ வேறு யோசனை. இவர்களே தேறுகிறார்கள் என்றால், நல்ல ஆரோக்கியமான குழந்தைகளைப் பள்ளிக்கூடம் எவ்வளவு கீழே அமுக்கி வைத்திருக்கிறது?

சோதித்துப் பார்க்க வாய்ப்பு ஒரு வீட்டுக் கட்டுமான நிறுவனம் வழியாக வந்தது. ரோமில் சான் லொரென்ஸோ என்ற ஏழைப் பகுதியில் அடுக்குமாடிக் குடியிருப்புகளைச் செப்பனிட்டுக் குடும்பங்களைக் குடிவைத்தார்கள். அப்பா அம்மா இருவரும் வேலைக்குப் போய்விட, பள்ளி வயது வராத பிள்ளைகள் சுவரையும் படிக்கட்டையும் நாசம் செய்தன. இவற்றை ஓர் அறையில் அடைத்துவைக்க ஆள் போட்டால் வெள்ளையடிக்கும் செலவு மிச்சம் என்று கணக்குப் போட்டார்கள். இப்படித்தான் 1907 ஜனவரி 6 அன்று ‘குழந்தைகள் இல்லம்’ திறந்தது. ஐம்பதுக்கு மேற்பட்ட பிள்ளைகள். பார்த்துக்கொள்ளப் பயிற்சி பெற்ற ஆசிரியை யாரும் கிடையாது, ஒரு சாதாரணப் பெண்தான். உலகம் கொண்டாடும் கல்விமுறையின் பிறப்பு வெள்ளையடிக்கிற கணக்கில் இருக்கிறது என்பது எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம்.

அங்கே அவர் பார்த்தவற்றில் மூன்று மட்டும். ஒன்று, மூன்று வயதுப் பெண் குழந்தை ஒன்று, பல அளவு மர உருளைகளை அவற்றுக்குரிய குழிகளில் பொருத்திக்கொண்டிருந்தது. சுற்றிப் பிள்ளைகளைப் பாடவைத்தார், குழந்தையை நாற்காலியோடு தூக்கி மேசைமேல் வைத்தார். அது கட்டையை மடியில் அள்ளிக்கொண்டு வேலையைத் தொடர்ந்தது. நாற்பது தடவைக்கு மேல் செய்துவிட்டு, தூங்கி எழுந்ததுபோல முகம் தெளிந்து நிறுத்தியது. இரண்டு, ஒரு நாள் பொருள்கள் இருந்த அலமாரி பூட்டப்படாமல் இருந்துவிட்டது. பிள்ளைகள் தாங்களாகவே வேண்டியதை எடுத்து வேலை செய்துகொண்டிருந்தார்கள். திருட்டு என்று நினைத்தார் ஆசிரியை. விருப்பப்படி தேர்ந்தெடுப்பது என்று புரிந்துகொண்டார் மாண்டிசோரி. அதன் பிறகு பூட்டிய அலமாரி போய், குழந்தையின் கைக்கு எட்டும் தாழ்வான தட்டுகள் வந்தன. மூன்றாவது எனக்கு இன்னும் ஆச்சரியம். உப்புத்தாளில் வெட்டி ஒட்டிய எழுத்துகளை விரலால் தடவி ஒலியைச் சொல்வது அங்கே ஒரு பயிற்சி. டிசம்பர் மாதம் ஒரு நல்ல வெயில் நாளில், மொட்டை மாடியில், ஐந்து வயதுப் பையன் ஒருவனிடம் சாக்பீஸைக் கொடுத்துப் புகைபோக்கியை வரையச் சொன்னார். வரைந்தான். கொஞ்சம் நேரம் அவரைப் பார்த்துவிட்டு, “எனக்கு எழுத வருதே!” என்று கத்திக்கொண்டே தரையில் ‘மானோ’ என்று எழுதினான். இத்தாலியனில் ‘கை’ என்று பொருள். அதற்கு முன் அவனை யாரும் எழுதச் சொன்னதே இல்லை.

விரலால் எழுத்தைத் தடவுவது நமக்கு ஒன்றும் புதிதில்லை என்பீர்கள். சரிதான். திண்ணைப் பள்ளிகளில் மணலில் எழுதித்தான் பழகினார்கள். 1790களில் சென்னை எழும்பூரில் அநாதைச் சிறுவர் இல்லத்தை நடத்திய ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் எழுதுவதைப் பார்த்துத் தன் இல்லத்தில் கொண்டுவந்து, பிறகு இங்கிலாந்துக்கே எடுத்துப் போனார். ஆனால் அதே திண்ணையில் பிரம்பும், பிள்ளையைக் கயிற்றில் தொங்கவிடும் கோதண்டமும் இருந்தன. பழையதெல்லாம் குழந்தை மையம் என்று மார்தட்ட நான் தயாரில்லை.

இனி வருவது நம் ஊர் சம்பந்தப்பட்டது. அடையாறு பிரம்மஞான சபையின் தலைவராக இருந்த ஜார்ஜ் அருண்டேல் அழைத்ததன் பேரில், 1939 நவம்பரில், 69 வயதில், மாண்டிசோரி சென்னைக்கு வந்தார். இத்தாலியில் முசோலினி முதலில் அவரை ஆதரித்து, 1934 வாக்கில் பகைத்துக்கொண்டு பள்ளிகளை மூடியிருந்தார். அடையாறில் நடந்த முதல் பயிற்சிக்கு இந்தியாவின் பல பகுதிகளிலிருந்து சுமார் 300 பேர் வந்தார்கள். அவர் இத்தாலிய மொழியில் பேச, மகன் மரியோ ஆங்கிலத்தில் சொல்வார். சில மாதத்துக்கு வந்தவர் என்றுதான் ஏற்பாடு. 1940 ஜூனில் இத்தாலி போரில் இறங்கியது. பிரிட்டிஷ் அரசுக்கு இவர்கள் எதிரி நாட்டவர். மரியோவை அகமத்நகர் முகாமில் அடைத்தார்கள், அம்மா அடையாறிலேயே இருக்க வேண்டியதாயிற்று. ஆகஸ்ட் 31 அன்று அவருக்கு 70 வயது நிறைந்தது. பிறந்தநாள் பரிசாக உங்கள் மகனைத் திருப்பி அனுப்புகிறோம் என்று வைஸ்ராயிடமிருந்து தகவல் வந்தது. அதில் ஒரு நுட்பம் இருக்கிறது. மணமாகாமல் பெற்ற பிள்ளை என்பதால் அதுவரை வெளியில் மரியோவை மகன் என்று சொல்லிக்கொண்டதில்லை.

1942 முதல் இரண்டு வருடம் கொடைக்கானலில் இருந்தார்கள். எல்லா வயதுப் பிள்ளைகளும் கலந்திருந்த சின்னப் பள்ளி. சுற்றிலும் செடி, பாறை, ஓடை. இலங்கையைச் சேர்ந்த லேனா விக்கிரமரத்ன உடனிருந்து உதவினார். ஆறு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கான ‘பிரபஞ்சக் கல்வி’ என்ற பகுதி பெருமளவு அங்கே உருப்பெற்றது. ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆசிரியர்களை அவர் இந்தியாவில் பயிற்றுவித்தார். இங்கே ஆற்றிய உரைகளிலிருந்து தொகுத்த ‘உறிஞ்சும் மனம்’ பற்றிய ஆங்கில நூல் 1949ல் அடையாறிலிருந்தே வெளிவந்தது. சின்னக் குழந்தை மொழியைக் கற்றுக்கொள்வதில்லை, தண்ணீரை இழுக்கும் பஞ்சுபோல உறிஞ்சிக்கொள்கிறது என்பது அதன் மையக் கருத்து. நம் வீட்டுப் பிள்ளை இலக்கணம் படிக்காமலே ‘வந்தான்’, ‘வந்தாள்’ என்று சரியாகச் சொல்கிறதே, அதை நினைத்துப் பாருங்கள்.

இதே சமயத்தில் இன்னொரு இந்தியக் கிளையும் வளர்ந்திருந்தது. குஜராத்தில் வக்கீலாக இருந்த கிஜுபாய் பதேகா, தனக்குப் பிள்ளை பிறந்த பிறகு இந்தப் புத்தகங்களைப் படித்து, வக்கீல் தொழிலை விட்டுவிட்டு, 1920ல் பாவ்நகரில் பால மந்திர் என்ற குழந்தைகள் பள்ளியைத் தொடங்கியவர். மாண்டிசோரியை மதித்தார், ஆனால் அப்படியே நகல் எடுக்கவில்லை. அவர் பள்ளியில் கதை, நாடகம், நாட்டுப்பாட்டு எல்லாம் நிறைய. பிள்ளைகள் அவரை ‘மீசை வைத்த அம்மா’ என்று கூப்பிட்டார்கள். 1939 ஜூனில் அவர் இறந்தார். மாண்டிசோரி சென்னையில் இறங்கியது ஐந்து மாதம் கழித்து.

கிஜுபாயோடு பாவ்நகரில் வேலை பார்த்தவர் தாராபாய் மோடக். இந்தப் பொருள்களெல்லாம் விலை அதிகம், பணக்காரப் பிள்ளைகளுக்கே போய்ச் சேருகின்றன என்ற உறுத்தல் அவருக்கு. 1945ல் மகாராஷ்டிரக் கடற்கரையில் போர்டி என்ற கிராமத்துக்குப் போய், பிறகு கோஸ்பாடில், அனுதாய் வாக் என்ற சக ஆசிரியையோடு பழங்குடிப் பிள்ளைகளுக்காக வேலை செய்தார். கூழாங்கல், விதை, இலை, சோழி, களிமண் இவைதான் சாதனங்கள். பிள்ளைகள் பள்ளிக்கு வரவில்லை, எனவே பள்ளியைப் பிள்ளைகளின் வீட்டு முற்றத்துக்குக் கொண்டுபோனார்கள். முற்றத்துக்கு மராத்தியில் ‘அங்கண்’. அங்கன்வாடி அங்கிருந்து வந்த சொல்.

பால்வாடியும் அப்படித்தான். ‘பால’ என்றால் குழந்தை. சின்ன வயதில் நான் அது பால் கொடுக்கிற இடம் என்றே நினைத்திருந்தேன், என் அம்மாவும்தான். எங்களுக்குக் கிடைத்தது என்னவோ சத்துமாவு உருண்டை.

அந்தக் குழப்பத்துக்கு ஓர் அர்த்தமும் இருக்கிறது. 1975 அக்டோபர் 2 அன்று 33 வட்டாரங்களில் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் தொடங்கியபோது, ஆறு சேவைகளில் ஒன்றாக முன்பருவக் கல்வியும் இருந்தது. தமிழ்நாட்டில் 1982ல் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டம் 2 வயதுப் பிள்ளைகளிலிருந்தே ஆரம்பித்தது. பசித்த நாட்டில் சாப்பாட்டுக்குத்தான் முதலிடம், அதில் தப்பே இல்லை. ஆனால் ஓர் ஊழியர், ஓர் உதவியாளர், அவர்கள் கையில் எடை போடுவது, தடுப்பூசிக் கணக்கு, கர்ப்பிணிப் பதிவேடு, சமையல். தாராபாயின் முற்றமும் கூழாங்கல்லும் அந்தப் பதிவேடுகளுக்கு அடியில் போய்விட்டன. தமிழ்நாட்டில் அங்கன்வாடிகளுக்கென ‘ஆடிப்பாடி விளையாடு பாப்பா’ என்ற நல்ல பாடத்திட்டமே இருக்கிறது. நடத்த நேரம் கிடைக்கும் இடங்களில் அருமையாக நடக்கிறது, பார்த்திருக்கிறேன்.

இன்னொன்றையும் பக்கத்திலிருந்து பார்த்தேன், செயல்வழிக் கற்றல். ஆந்திராவின் ரிஷிவேலி கிராமப் பள்ளிகளில் வளர்ந்த முறையை ஒட்டி, 2003ல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் சோதனையாகத் தொடங்கி, 2007ல் மாநிலம் முழுக்க ஒன்று முதல் நான்கு வகுப்புகளுக்குக் கொண்டுவந்தார்கள். பெஞ்சு போய்ப் பாய் வந்தது. சுவரில் குழந்தை உயரத்துக்குக் கீழ்மட்டக் கரும்பலகை, தலைக்கு மேலே பிள்ளைகளின் படைப்புகள் தொங்கும் கம்பிப்பந்தல், தட்டு நிறைய அட்டைகள். பாடங்களை வரிசைப்படுத்திய ஏணிப்படி அட்டவணையைப் பார்த்துத் தன் அடுத்த அட்டை எது என்று குழந்தையே எடுத்துக்கொள்ளும். முதல் வருடங்களில் ஒரு மதிய வேளை வகுப்புக்குள் நுழைந்தபோது, ஆசிரியை எங்கே என்று தேட வேண்டியிருந்தது. ஒரு மூலையில் நான்கு பிள்ளைகளோடு தரையில் இருந்தார். எனக்கு சான் லொரென்ஸோ நினைவு வந்தது.

நாலைந்து வருடம் கழித்துப் போன பல பள்ளிகளில் அட்டைகள் கிழிந்து, எண் மாறி, மூட்டையில் கிடந்தன. சில இடங்களில் ஆசிரியரே அட்டைகளை வரிசையாக எடுத்துக் கொடுத்து முடிக்கவைத்துக் கொண்டிருந்தார், ஃப்ரோபெலின் கட்டைக்கு நடந்த அதே கதை. “புத்தகம் எங்கே, வீட்டுப்பாடம் எங்கே?” என்று பெற்றோர் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். ஆசிரியர்களை மட்டும் குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை. ஐந்து வகுப்புக்கு இரண்டு பேர் இருக்கும் பள்ளியில், உட்கார்ந்து பார் என்றால் எப்படிப் பார்ப்பது?

சரி, அண்ணன் தம்பிச் சண்டைக்கு வருகிறேன். ஃப்ரோபெலுக்குக் கற்பனை விளையாட்டு உயிர். கட்டை ரயிலாகும், பந்து பறவையாகும், கூடவே பாட்டு. மாண்டிசோரிக்கு அது பிடிக்காது. சிறு குழந்தைக்கு வேண்டியது நிஜ உலகம், நிஜக் கத்தி, நிஜக் கண்ணாடி டம்ளர் என்பார். குழந்தை செய்வதை அவர் விளையாட்டு என்றே சொல்லமாட்டார், ‘வேலை’ என்பார். அவருடைய ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு சரியான பயன்பாடு உண்டு. அளவு வாரியாக அடுக்க வேண்டிய ‘இளஞ்சிவப்புக் கோபுர’க் கட்டைகளை ரயிலாக ஓட்டினால் கண்டிப்பான மாண்டிசோரி ஆசிரியை முகம் சுளிப்பார். டூயியின் சீடர்கள் இதைத்தான் பிடித்துக்கொண்டு, 1914லேயே மாண்டிசோரி முறையைக் குறுகலானது என்று தாக்கினார்கள். ரஷ்யாவில் உளவியலாளர் விகோட்ஸ்கி வேறு கோணத்தில், பாவனை விளையாட்டில்தான் குழந்தை தன்னைவிட ஒரு தலை உயரமாக நிற்கிறது என்றார். அம்மாவாக நடிக்கும் குழந்தை, அம்மாவின் விதிகளுக்குத் தானாகவே கட்டுப்படுகிறது. இந்த விஷயத்தில் நான் விகோட்ஸ்கி கட்சி. சொப்பு வைத்து விளையாடிய எந்தக் குழந்தையைப் பார்த்தாலும் அது தெரியும்.

போருக்குப் பிறகு இத்தாலியிலேயே ரெஜ்ஜோ எமிலியா என்ற ஊரில் இன்னொரு மரபு தோன்றியது. 1945ல், ஜெர்மானியர் விட்டுப்போன டாங்கியையும் லாரிகளையும் குதிரைகளையும் விற்ற காசில் ஊர்மக்களே பள்ளி கட்டினார்கள். லோரிஸ் மலகுட்ஸி என்ற இளம் ஆசிரியர் அதைப் பார்க்கச் சைக்கிளில் போய் அங்கேயே ஒட்டிக்கொண்டார். இப்போது நம் பெருநகரங்களில் ‘ரெஜ்ஜோ’ போர்டும் வந்துவிட்டது, மாண்டிசோரியைவிடக் கட்டணம் கூட.

பெயரைப் பற்றி ஒன்று. ‘மாண்டிசோரி’ யாருக்கும் சொந்தமான முத்திரை இல்லை. அமெரிக்காவில் 1967லேயே அதைப் பொதுப்பெயர் என்று தீர்மானித்துவிட்டார்கள். இங்கேயும் யார் வேண்டுமானாலும் போர்டில் எழுதலாம். ஒரு பள்ளியில் மொத்த மாண்டிசோரிப் பொருள்களையும் கண்ணாடி அலமாரியில் பூட்டி வரவேற்பறையில் வைத்திருந்ததைப் பார்த்தேன். பிள்ளைகள் உள்ளே நான்கு கோடு நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார்கள். சாவி எங்கே என்று கேட்டேன். அலுவலகத்தில் இருந்தது.

கடைசிக் கேள்வி: படிப்பு வருமா?

இதற்கு அடிக்கடி காட்டப்படும் சான்று அமெரிக்காவின் இப்சிலாண்டி நகரில் 1962ல் தொடங்கிய பெர்ரி முன்பருவப் பள்ளி ஆய்வு. ஏழைக் கறுப்பினக் குடும்பங்களின் 123 குழந்தைகள். 58 பேருக்கு இந்தப் பள்ளி, 65 பேருக்கு இல்லை. குழந்தை தானே திட்டமிட்டு, செய்து, பிறகு என்ன செய்தேன் என்று சொல்லும் முறை. அறிவுத்திறன் தேர்வில் முதலில் வந்த முன்னேற்றம் சில வருடங்களில் கரைந்துவிட்டது. ஆனால் 40 வயதுவரை தொடர்ந்து பார்த்தபோது, பள்ளிக்குப் போனவர்களில் அதிகம் பேர் உயர்நிலைப் பள்ளியை முடித்திருந்தார்கள், வருமானம் கூடுதலாக இருந்தது, போலீஸ் கைதுகள் குறைவாக இருந்தன. இதைச் சொல்லும் பலர் சொல்லாமல் விடும் விஷயம் ஒன்று உண்டு. அங்கே ஆறு குழந்தைக்கு ஓர் ஆசிரியர் என்ற அளவில் இருந்தார்கள், வாரம் ஒருமுறை வீட்டுக்கும் போய் அம்மாவோடு உட்கார்ந்தார்கள். வெறும் விளையாட்டு மட்டும் அந்த வேலையைச் செய்யவில்லை.

எழுத்து விஷயத்தில் என் கருத்து இது. பேச்சு தானாக வரும், வாசிப்பு தானாக வராது. எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள தொடர்பை யாராவது தெளிவாகச் சொல்லித்தர வேண்டும். மாண்டிசோரியும் அதைச் செய்தார், மாடியில் எழுதிய பையன் அதற்கு முன் ஒவ்வொரு எழுத்தின் ஒலியையும் கற்றிருந்தான். ஆகவே குழந்தை மையம் என்றால் சொல்லியே தரக்கூடாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அதேபோல மூன்றரை வயதில் 247 எழுத்தையும் நோட்டில் எழுதவைக்கும் பள்ளியிடமிருந்தும் தள்ளி இருங்கள். பென்சில் பிடிக்கும் விரல் தசை அப்போது தயாராக இருக்காது. மாவு பிசைவதும் மணி கோர்ப்பதும் அந்த விரலுக்கான பாடங்கள்தான். கதை கேட்பது, பாட்டு, விடுகதை, ‘ப’வில் தொடங்கும் சொல் எது என்ற விளையாட்டு, இவை இருந்தால் ஐந்து, ஆறு வயதில் வாசிப்பு வேகமாக வரும்.

பள்ளியைத் தேர்ந்தெடுக்கும்போது போர்டைப் படிக்காதீர்கள், முறைக்குப் பெயர் என்ன என்றும் கேட்காதீர்கள். வகுப்பு நடக்கும் நேரத்தில் அரைமணி உள்ளே உட்கார அனுமதி கேளுங்கள். தட்டு எந்த உயரத்தில் இருக்கிறது, பூட்டு இருக்கிறதா, ஒரு குழந்தை ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்தால் விடுகிறார்களா, ஆசிரியை பேசும்போது குனிகிறாரா, நிற்கிறாரா என்று பாருங்கள். அப்புறம் ஏதாவது ஒரு குழந்தையைக் காட்டி, “இவள் நேற்று என்ன செய்துகொண்டிருந்தாள்?” என்று ஆசிரியையிடம் கேளுங்கள். யோசிக்காமல் இரண்டு நிமிடம் பேசினால் சேர்த்துவிடலாம். உங்கள் தெரு அங்கன்வாடியிலும் இதே கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். காலை பத்து, பத்தரைக்குப் போனால் பாட்டு நேரமாக இருக்கும், சமையல் வேலை சூடுபிடிப்பதற்கு முன்.